கம்பிக் கூட்டுக் கோழியின் கால்

முருங்கைச் சுள்ளி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். கம்பிக் கூட்டுக்குள் கையை விட்டு, எழும்ப மறுத்துக் கிடந்த வெள்ளைக் கோழியின் காலைப் பிடித்து என் பக்கமாக இழுத்தேன். கால் வந்தது, கோழி வரவில்லை. தொடையின் நடுவில் புதிதாக ஒரு மூட்டு முளைத்தது போல அந்தக் கால் மடங்கித் தொங்கியது. கோழி வாயைத் திறந்து மூடியது, சத்தம் போடவில்லை. சத்தம் போட்டவன் நான்.

சமைத்துக்கொண்டிருந்த மனைவியின் குரல் குசினிக்குள்ளிருந்து வந்தது.

“என்னப்பா, பாம்போ?”

“இல்லை.”

“பேந்தேன் உந்தக் கத்தல்?”

“கோழியின்ரை கால் முறிஞ்சு போச்சு.”

“கோழிக்குக் கால் முறிஞ்சா கோழியெல்லோ கத்தவேணும்.”

நியாயமான பேச்சுத்தான். என் கைப்பலம் எப்படிப்பட்டது என்று எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், எல்லாருக்கும் தெரியும். கிணற்றடியில் நான் துலாவை இழுப்பதில்லை. துலாதான் என்னை இழுக்கும். தேங்காய் உரிக்க நான் அலவாங்கை எடுத்தால் மனைவி பிள்ளைகளைத் தூரப் போகச் சொல்லுவாள். அப்படிப்பட்ட ஒருவன் இரண்டு விரலால் பிடித்து ஓர் உயிரின் தொடையெலும்பை முறித்துவிட்டான். கையை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதே பழைய கைதான். பேனை பிடித்த இடத்தில் மட்டும் ஒரு காய்ப்பு.

அந்தக் கூடு என் சொந்தத் தயாரிப்பு. இரண்டாம் உலக யுத்த காலம், அரிசிக்கும் சீனிக்கும் கூப்பனோடு நிற்கவேண்டியிருந்தது. அதற்கு முன்னர் எங்கள் வளவில் நாட்டுக் கோழிகள்தான் நின்றன. அவை பகல் முழுக்கக் கிண்டிக் கிளறித் திரியும், இரவில் முருங்கை மரத்தில் ஏறிப் படுக்கும், முட்டையைப் பக்கத்து வீட்டு விறகுக் கும்பிக்குள் கொண்டுபோய் இடும். அந்த முட்டை யாருக்குச் சொந்தம் என்பதில் இரண்டு வீட்டுக்கும் இடையே வேலி எரியும் அளவுக்குப் பேச்சு நடக்கும். பட்டணத்தில் நான் எழுத்து வேலை பார்த்த கந்தோரில், பெரிய உத்தியோகத்தர் ஒருவர் வாசித்துவிட்டுப் போட்ட ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் ஒரு படம் பார்த்தேன். கோழிக்கு ஒரு கூடு, அடுத்த கோழிக்கு அடுத்த கூடு, வரிசையாக. அடித்தட்டும் கம்பிதான், சற்றுச் சரிவாக. முட்டை உருண்டு தானாகவே முன்னால் வந்து நிற்கும். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. உலகத்தில் இவ்வளவு மூளைசாலிகள் இருக்கிறார்களா என்று ஆச்சரியப்பட்டேன். அந்த வரிசையில் நானும் சேர்ந்துவிட முடிவு செய்தேன்.

விறகுக் கொட்டிலுக்குள் எட்டுக் கூடு அடித்தேன். சுற்றிவர மூன்று அடுக்குத் தென்னோலைக் கிடுகு. பருந்து பார்க்க முடியாது, கீரி நுழைய முடியாது; வெயில்கூட என்னிடம் கேட்டுத்தான் உள்ளே வரவேண்டும். சீமைக் கோழிகள் எட்டு வாங்கி விட்டேன். வெள்ளை வெளேரென்று, செக்கச் சிவந்த கொண்டையோடு, கல்யாண வீட்டுக்கு வந்த பட்டணத்துப் பெண்கள் மாதிரி இருந்தன. அவை திரும்பினால் வால் கம்பியில் இடிக்கும் என்பதால் திரும்புவதில்லை. முன்னால் தவிடும் புண்ணாக்கும், பக்கத்தில் தண்ணீர்.

அச்சுவேலியில் புகையிலைத் தோட்டம் செய்யும் என் மனைவியின் தமையன் வந்து பார்த்தார். எனக்கும் அவருக்கும் பகிடி விடாமல் நாலு வார்த்தை கதைக்கத் தெரியாது.

“இது கோழிக்கு மறியல்வீடோ மச்சான்?”

“மாளிகை. மழை இல்லை, பருந்து இல்லை. இருந்த இடத்திலை சாப்பாடு.”

“அவ்வளவு நல்லதெண்டா நீரும் ஒரு கிழமை உள்ளை இருந்து பாருமன்.”

“எனக்கு முட்டை இடத் தெரியாதே.”

“உமக்குச் சாப்பாடு போடுறவைக்கும் அதுதானே கவலை.”

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். மறுநாளே முட்டைகள் உருண்டு வந்து என் பக்கம் நின்று சாட்சி சொல்லின. கிட்டத்தட்ட ஒரு வருஷம் அப்படி உருண்டன. ஒழுங்கையில் எனக்கு நடையே மாறிவிட்டது.

பிறகு என் மூத்த மகள் பெரியபிள்ளையானாள். இணுவிலில் இருந்து என் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். தலைக்குத் தண்ணீர் வார்க்கும் நாள் வரைக்கும் பிள்ளையை ஓர் அறைக்குள் இருத்தி, ஆண்கள் முகத்தில் விழிக்காமல் பார்த்துக்கொள்வது மாமிக்காரியான அவளுடைய பொறுப்பு. தகப்பனும் ஆண்தான் என்பதில் அக்கா கடுமையாக இருந்தாள். நான் கதவுக்கு வெளியே நின்று கதைக்கலாம்; அதுவும் அவள் நல்ல மனநிலையில் இருந்தால்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காலையில் என்ன கொடுப்பார்கள் என்பது தெரிந்ததே. முட்டையின் நுனியை உடைத்து அப்படியே பச்சையாகக் குடிக்கவேண்டும். பிறகு அந்தக் கோதுக்குள்ளேயே நல்லெண்ணெய் நிரப்பி அதையும் குடிக்கவேண்டும். மத்தியானம் உழுத்தங்களி. எல்லாம் இடுப்பெலும்பு வைரம் பாய்வதற்காக. வீடு நிறைய முட்டை வைத்திருந்த நான் இதற்காகவே பிறந்தவன் போல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

முதல் நாளே அறைக்குள் இருந்து அக்காவின் குரல் கேட்டது.

“தம்பி, இஞ்சை வா. வாசலிலை நில். உன்ரை கோழியள் கடதாசியிலையோ முட்டை இடுகுது?”

“என்னக்கா நடந்தது?”

“எண்ணெயை விட்டன், கோது கையோடை நசிஞ்சு போச்சு. பிள்ளையின்ரை பாவாடை முழுக்க நல்லெண்ணெய்.”

“யுத்த காலமெல்லோ அக்கா. எல்லாத்திலையும் தட்டுப்பாடு.”

“உன்ரை மூளையிலையும்தான்.”

உள்ளே மகள் சிரிப்பது கேட்டது. அடுத்த நாளும் கோது நசிந்தது. அதற்கடுத்த நாள் ஒரு முட்டை கூட்டில் உருண்டு வரும்போதே அமுங்கிவிட்டது. ஒன்றுக்குக் கோதே இல்லை. தோலுக்குள் தண்ணீர் கட்டியது போல இருந்தது. எனக்கு வெட்கம்தான் வந்தது, வேறு எண்ணம் வரவில்லை. தவிட்டில் புண்ணாக்கைக் கொஞ்சம் கூடக் கலந்து போடுவோம் என்று கொட்டிலுக்குள் போனபோதுதான் கடைசிக் கூட்டுக் கோழி பக்கவாட்டில் கிடந்தது. சாப்பாட்டைப் பார்த்தும் எழும்பவில்லை. எங்கள் கந்தோரில் இப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன் என்பதால், சோம்பல் என்று நினைத்து இழுத்தேன்.

ஓர் ஓலைக் கடகத்துக்குள் பழைய சால்வையை விரித்து, கோழியை வைத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். ஏன் புறப்பட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. நாலு வீட்டுக்கு ஒரு கோழி கால் முறிந்து திரிகிற ஊரில், கோழியை வைத்தியத்துக்குக் கொண்டுபோன முதல் ஆள் நானாகத்தான் இருக்கவேண்டும். அந்தச் சத்தம் காதுக்குள் விடாமல் முறிந்துகொண்டே இருந்தது. மானிப்பாய் ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிள் தானாகவே மெதுவாகியது. உள்ளே போனால் நோயாளியின் தகப்பன் பெயர் கேட்பார்களே என்று பயந்து, அதைத் தாண்டியிருந்த முறிவு வைத்தியரிடம் போனேன்.

அவர் பெரிய மனிதர், உருவத்திலும் கோபத்திலும். பனையால் விழுந்தவர்களும் காலில் வண்டில் ஏறியவர்களும் மர வாங்கில் வரிசையாக இருந்தார்கள்.

“ஆருக்கு முறிவு?”

“இவவுக்கு,” என்று கடகத்தைத் திறந்தேன்.

வாங்கு முழுக்கச் சிரித்தது. கையில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் நோவையும் மறந்து மற்றக் கையால் தொடையில் தட்டினார். வைத்தியர் சிரிக்கவில்லை.

“விழுந்ததோ?”

“இல்லை.”

“ஆரும் அடிச்சவையோ?”

“இல்லை. நான் பிடிச்சனான், அவ்வளவுதான்.”

அவர் முறிந்த காலைத் தடவினார். பிறகு முறியாத காலை. பிறகு நெஞ்சுக்குக் கீழே விரலை ஓட்டினார். ஓட்டியவர் நிறுத்தி, என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். தோணியின் அடிப்பலகை போல நேராக ஓடவேண்டிய நெஞ்செலும்பு எங்கள் ஒழுங்கை மாதிரி வளைந்து வளைந்து போனது. சற்று அமுக்கினேன். உள்ளே வளைந்து கொடுத்தது. விரலைச் சுட்டுவிட்டது போல எடுத்துக்கொண்டேன். வாங்கில் சிரிப்பு நின்றுவிட்டது.

“பத்துப் போடலாம்,” என்றார் வைத்தியர். “மட்டை வைச்சும் கட்டலாம். கட்டுறதுக்கு உள்ளுக்கை எலும்பெண்டு ஒண்டு இருக்கவேணும்.”

“எலும்பு எங்கை போனது?”

“என்னட்டைக் கேட்டா? வளத்தது நீர். இதிட்டை என்னத்தை எடுத்தனீர்?”

“முட்டை.”

“எவ்வளவு நாளா?”

“ஒரு வருஷமா. கிட்டத்தட்ட நாளாந்தம்.”

அவர் அடுத்த நோயாளியைப் பார்த்துக் கையை அசைத்தார். கோழி கடகத்துக்குள்ளேயே தலையைச் சாய்த்துவிட்டது. எப்போது என்று தெரியவில்லை. அதற்கும் அது சத்தம் போடவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் அது எனக்கு உறைத்தது. நாட்டுக் கோழி நாள் முழுக்க எங்கள் சுண்ணாம்புக் கல்லு நிலத்தைக் கொத்துகிறது. சிப்பித்துண்டு, கிளிஞ்சல், எறும்பு, பூச்சி என்று எதை எதையோ விழுங்குகிறது. ஓடுகிறது, பறக்கிறது, வெயிலில் செட்டையை விரித்துக்கொண்டு கிடக்கிறது. நான் கொடுத்தது தவிடும் புண்ணாக்கும். ஒரு கிள்ளுச் சுண்ணாம்பு கொடுத்ததில்லை. அப்படியென்றால் இவ்வளவு நாளும் உருண்டு வந்த அத்தனை வெள்ளைக் கோதும் எங்கிருந்து வந்தது? அந்தக் கோழி தன் காலைக் கரைத்துக் கரைத்து எனக்கு முட்டை செய்து தந்திருக்கிறது. கால் முடிந்ததும் கோதும் மெலிந்துவிட்டது. சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு ஒழுங்கையோரத்தில் இருந்துவிட்டேன். என் தொடைகளைப் பிடித்துப் பார்த்தேன். அவை இருந்தன.

பல வருஷம் கழித்துக் கால்நடை வைத்தியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பாதிதான் சுண்ணாம்பு, என்றார். நடக்காத காலுக்கும் அடிக்காத செட்டைக்கும் எலும்பு வைரம் பாயாது. வெயில் படாத உடம்பில் தின்ற சுண்ணாம்பும் ஒட்டாது. நான் மூன்றையும் ஒரே கூட்டில் செய்து முடித்திருந்தேன்.

ஆனால் அன்று ஒழுங்கையோரத்தில் என் மூளை அங்கே நிற்கவில்லை. பயம் வந்தால் அது நல்ல வேகமாக ஓடும், பெரும்பாலும் பிழையான பக்கத்துக்கு. இருட்டு அறை. வெயில் இல்லை. நடை இல்லை. இருந்த இடத்தில் சாப்பாடு. அட கடவுளே, என் மகள்.

வளவுக்குள் சைக்கிளோடு புகுந்து, இறங்குவதற்கு முன்பே கத்தினேன்.

“அக்கா, பிள்ளையை வெளியிலை விடு. இப்பவே வெயிலுக்கு வரட்டும்.”

அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கையில் விளக்குமாறு.

“உனக்கு விசரோ? தண்ணி வாக்கேல்லை, சடங்கு நடக்கேல்லை. எட்ட நில்.”

“அவளுக்கு எலும்பு கரைஞ்சு போகும் அக்கா. எல்லாம் கோதிலை போகுது. நான் கண்ணாலை கண்டிட்டு வாறன்.”

“எந்தக் கோதிலை?”

“முட்டைக் கோதிலை.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மெதுவாக, பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

“தம்பி, உன்ரை மகள் முட்டை குடிக்கிறாள். இடேல்லை.”

குசினிப் பக்கம் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். அறைக்குள்ளே தட்டுத்தட்டென்று நிலம் அதிர்ந்தது.

“ஐயா, கேக்குதோ? ரெண்டு காலும் கிடக்கு. வேணுமெண்டா கதவிலை உதைச்சுக் காட்டட்டோ?”

“வேண்டாம் பிள்ளை.”

“அப்ப என்னை விட்டிட்டு மிச்சக் கோழியளை வெளியிலை விடுங்கோ. அதுகளுமெல்லோ இருட்டுக்கை கிடக்குதுகள்.”

அப்போதுதான் எனக்கு அந்த ஏழும் நினைவுக்கு வந்தன. நினைவுக்கு வந்ததும் கை பின்னால் போய்விட்டது. அந்தக் கை இனி ஒரு கூட்டுக்குள்ளும் போகாது என்று அதுவே தீர்மானித்துவிட்டது.

அச்சுவேலி மச்சான் அன்று பின்னேரம் சடங்குக்கு வாழைக்குலை கொண்டு வந்தார். நடந்ததைக் கேட்டு வயிறு நோகச் சிரித்தார். கோழியை வைத்தியரிடம் கொண்டுபோனதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, “தள்ளும் மச்சான், நான் எடுக்கிறன்,” என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டிலுக்குள் போனார். முதல் கூட்டில் இருந்த கோழியை அவர் காலில் பிடிக்கவில்லை. செட்டையோடு சேர்த்து அணைத்துத்தான் எடுத்தார். கதவு சின்னது. கோழி ஒருதரம் செட்டையை உதறியது.

அதே சத்தம்.

மச்சான் அசையாமல் நின்றார். தோட்டத்தில் மாட்டோடு மல்லுக்கட்டுகிற மனிதர். அவருடைய முகத்தில் இருந்த பகிடி எல்லாம் வடிந்து போயிருந்தது.

“நான் ஒண்டும் செய்யேல்லை,” என்றார்.

“எனக்குத் தெரியும்.”

“சும்மா தூக்கினனான் மச்சான்.”

“நானும் அப்பிடித்தான் சும்மா இழுத்தனான்.”

மச்சான் அதை அணைத்தபடியே வெளியே கொண்டுபோய் மணலில் இறக்கினார். பிறகு கோழிகளைக் கூட்டிலிருந்து எடுப்பது என்ற பேச்சையே விட்டுவிட்டோம். கோழிகளைச் சுற்றியிருந்த கூட்டை எடுப்பது என்று முடிவு செய்தோம். குறடு கொண்டு வந்து கம்பி கம்பியாக நறுக்கினோம். மேல் தட்டு, பக்கம், முன்கதவு. கடைசியில் ஒவ்வொரு கோழியும் அடிக்கம்பி ஒரு துண்டின் மேல் தனியாக மிஞ்சியது. அந்தத் துண்டோடு தூக்கி, கோயில் தீபத்தட்டு ஏந்துவது போல இரண்டு கையாலும் ஏந்தி வெளியே கொண்டு வந்து மணலில் வைத்தோம். மச்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் மூச்சை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.

வெளியே வந்தவை நடக்கவில்லை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வைத்த இடத்திலேயே அப்படியே கிடந்தன. மண்ணைக் கிண்டத் தெரியவில்லை. செட்டை முறிந்தது அடுத்த நாள் காலையில் செத்துக் கிடந்தது. இன்னொன்றுக்கு இரண்டு நாளில் கொஞ்சம் துணிவு வந்தது. பக்கத்து வீட்டு நாட்டுக் கோழிகளைப் பார்த்துத் தானும் எங்கள் விறகுக் கும்பியில் ஏறப் பார்த்தது, ஏறிவிட்டது, இறங்கத் தெரியாமல் பாய்ந்து நெஞ்சு அடிபட விழுந்தது. அதுவும் போயிற்று. கூட்டில் மெலிந்த எலும்புக்குத் திறந்த வளவும் ஆபத்துத்தான் என்று கண்டுகொண்டு, விறகுக் கும்பியைச் சுற்றிக் கிடுகு கட்டினேன். கோழிகள் படுக்க என்று ஒரு மரச் சலாகையை நிலத்தோடு ஒட்டப் போட்டேன். கோழியை அடைக்கக் கிடுகு கட்டியவன் இப்போது விறகை அடைத்தேன்.

மச்சான் குருநகர்ப் பக்கம் மீன் எடுக்கப் போன இடத்தில் ஒரு சாக்குச் சிப்பி வாங்கி வந்தார். மனைவி அதை உரலில் போட்டு இடித்துத் தந்தாள். மிச்சமிருந்த ஐந்தில் நான்கு அதன் மேல் விழுந்து தின்றன. தின்று, கிடந்து, எழும்பி, தள்ளாடி, நடக்கவும் தொடங்கின. முட்டையை மறந்துவிட்டன. மச்சான் அச்சுவேலியிலிருந்து கொண்டு வந்த நாட்டு முட்டைதான் மகளுக்கு.

ஐந்தாவதுதான் எழும்பவில்லை. முதல் கூட்டுக்குப் பக்கத்துக் கூட்டில் இருந்தது. மற்றவற்றை விட அதிகமாக முட்டை உருட்டியது. கிடந்தபடியே தின்னும், கிடந்தபடியே என்னைப் பார்க்கும். காலையில் நிழலிலிருந்து வெயிலுக்கும் பின்னேரம் வெயிலிலிருந்து நிழலுக்கும் அரிசி புடைக்கும் ஒரு சுளகில் வைத்து அதை நகர்த்தினேன், தொடவில்லை. மனைவி ஒரு நாள் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“நோகாமல் முடிச்சு விடுங்கோவனப்பா. பாவம்.”

“சடங்கு முடியட்டும்.”

“சடங்குக்கும் உதுக்கும் என்ன?”

“ஒண்டுமில்லை. தைரியம் வருமட்டும் ஒரு தவணை.”

சடங்குக்கென்று வீடு முழுக்க வெள்ளையடித்திருந்தோம். சிப்பி சுட்ட நல்ல சுண்ணாம்பு; வெயிலில் கண் கூசும். அடித்த அன்றே அந்த நாலு கோழியும் குசினிச் சுவரைக் கண்டுபிடித்துவிட்டன. வரிசையாக நின்று சுவரைக் கொத்தத் தொடங்கின. கோழியின் உயரத்துக்குக் கீழே சுவர் புண் பிடித்தது போல மண்ணைக் காட்டியது. அக்காவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பிள்ளையின் அறையையும் சுவரையும் மாறி மாறிக் காவல் காத்தாள். விளக்குமாறு கையை விட்டு இறங்கவில்லை. ஓடத் தெரியாமல் இருந்த கோழிகளை ஓடப் பழக்கியது என் வைத்தியமா அக்காவின் விளக்குமாறா என்று இன்றும் சொல்ல முடியாது.

தண்ணீர் வார்ப்பதற்கு முதல் நாள் காலை அக்கா சுவரடியில் திரும்ப வெள்ளையடித்தாள். தானே மட்டையால் தோய்த்துத் தோய்த்து. அது காயும்வரை விளக்குமாற்றோடு பக்கத்தில் இருந்தாள். நான் ஐந்தாவது கோழியைச் சுளகோடு வெயிலில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

“தம்பி,” என்றாள் அக்கா மெல்லிய குரலில். “அசையாதை.”

திரும்பிப் பார்த்தேன். கோழி சுளகின் விளிம்பில் நின்றது. கிடக்கவில்லை, நின்றது. ஒரு கால் பக்கமாக விலகி, உடம்பு முழுக்க ஆடிக்கொண்டு. அதன் கண் சுவரில் இருந்தது. ஓரடி வைத்தது. நின்றது. என் காதுகள் அந்தச் சத்தத்துக்காகக் காத்து நின்றன. விழப்போகிறது, இப்போது விழும், நான் முதலில் விழுந்துவிடுவேன் என்று பக்கத்தில் இருந்த வாழையைப் பிடித்துக்கொண்டேன். இன்னோரடி. செட்டையை நிலத்தில் ஊன்றி, ஊன்றுகோல்காரன் மாதிரிச் சாய்ந்து சாய்ந்து, அக்காவின் காலடிக்கு வந்தது. அக்காவின் விளக்குமாறு உயர்ந்தே இருந்தது.

கோழி அவளைத் தாண்டிப் போய், ஈரம் காயாத சுவரில் ஒரு கொத்துக் கொத்தியது. ஒரு துண்டு சுண்ணாம்பு உதிர்ந்தது. விழுங்கிவிட்டு மறுபடியும் கொத்தியது.

அக்கா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு முகத்தை ஒழுங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நான் ஒண்டும் காணேல்லை,” என்றாள். “நாளைக்குச் சனம் சுவரைப் பாத்துக் கேட்டா, என்ரை தம்பிதான் நக்கினவன் எண்டு சொல்லுவன்.”